தேன் குடிச்சா கொழுப்பு கரையுமா?

காலையில வெந்நீர்ல எலுமிச்சை பிழிஞ்சு, தேன் கலந்து குடிக்கிற ஆளா நீங்க? தொப்பை கரையுதோ இல்லையோ, ரெண்டு டேபிள் ஸ்பூன் தேன்லயே சுமார் 120 கலோரி உள்ளே போயிடுது பாஸ்!

ஆனா, ரத்தத்துல இருக்கிற கொழுப்பு வேற கதை. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 பரிசோதனைகளைத் தொகுத்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், தேன் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் கொஞ்சம் குறைந்திருந்தன. அதுவும் சூடுபடுத்தாத தேனில்தான் பலன் அதிகம். சர்க்கரைக்குப் பதிலா தேன்னா ஓகே. சர்க்கரையோட சேர்த்துன்னா இல்ல.

சரி, உங்க வீட்டு பாட்டில்ல இருக்கிறது தேன்தானா? டெல்லியின் சி.எஸ்.இ அமைப்பு 2020-ல் 13 பிராண்டுகளைச் சோதித்தபோது, ஜெர்மனி லேபின் என்.எம்.ஆர் டெஸ்ட் உட்பட எல்லாத்துலயும் பாஸானது மூணே மூணு. நிறுவனங்கள் மறுத்தன. ஆனா, சர்க்கரைப் பாகைக் கொடுத்து யாரும் அந்த 18 பரிசோதனைகளைச் செய்யல.