சஞ்சுவும் கார்த்திக்கும் நம் வீட்டுச் சண்டையும்

இந்திய கிரிக்கெட் அணி தோற்றுவிட்டால் திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நமக்கு இரட்டைத் தலைவலி. தோற்ற வருத்தம் ஒன்று. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரரும் அலுவலக நண்பரும் கேட்கப்போகும் கேள்வி இன்னொன்று. "நம்முடெ செக்கனை எடுத்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா?" என்பதுதான் அந்தக் கேள்வி. செக்கன் என்றால் யார் என்று நம் வாசக அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விழிஞ்ஞம் கடலோரத்துப் பிள்ளையான சஞ்சு சாம்சன்தான்.

இந்தக் கேள்வி மிகக் கடுமையாக எழுந்தது 2022 நவம்பரில். அந்த மாதம் 10ஆம் தேதி அடிலெய்டில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா 168 ரன் எடுத்தது. இங்கிலாந்தின் பட்லரும் ஹேல்ஸும் ஒரு விக்கெட்டும் விழாமல், பதினாறே ஓவரில் 170 அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். அந்த உலகக் கோப்பைக்கான அணியில் சஞ்சுவுக்கு இடமில்லை. விக்கெட் கீப்பர்களாகப் போனவர்கள் ரிஷப் பந்தும் நம் சென்னையின் தினேஷ் கார்த்திக்கும். கார்த்திக் மூன்று இன்னிங்ஸில் 1, 6, 7 என்று 14 ரன் எடுத்தார். பிறகு அவர் இடத்தில் பந்த் ஆடினார்.

இது போதாதா? சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் அந்த வாரம் தமிழர் வாயைத் திறக்க முடியவில்லை. "உங்கள் கார்த்திக்குக்கு முப்பத்தேழு வயதில் இடம், எங்கள் சஞ்சுவுக்கு இருபத்தெட்டு வயதில் வீடா?" என்று கேட்டார்கள். நம்மவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. கார்த்திக் அந்த ஆண்டு ஐ.பி.எல்.லில் கடைசி ஓவர்களில் அடித்த அடியை எடுத்துச் சொன்னார்கள். அதுவரை நல்ல வாதம்தான். வாதம் சூடேறி, ஓரிடத்தில் "பாண்டி" என்ற சொல் வந்து விழுந்ததும் அது கிரிக்கெட்டாக இல்லாமல் போயிற்று.

இன்னொரு வேடிக்கை, நம் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. அப்பா திருநெல்வேலியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வந்தவர். அவருக்குக் கார்த்திக், அசுவின். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சஞ்சு. "நம்ம சஞ்சு" என்று மகன் சொல்லும்போது சில தகப்பனார்களின் முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை கைவிட்டுப் போய்விட்டான் என்று நினைக்கிறார்களோ என்னவோ. என் அபிப்பிராயம், பிள்ளையின் பக்கம்தான் நியாயம் அதிகம். ஆனால் அவன் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

முதலில் அந்தத் தோல்வியைப் பார்ப்போம். ஒரு விக்கெட்டும் எடுக்க முடியாமல் தோற்ற ஆட்டம் அது. குறை பெரும்பாலும் பந்துவீச்சில். முதல் ஆறு ஓவரில் 38 ரன்தான் என்ற மந்தமான தொடக்கத்தை வைத்து, அடித்தாடும் சஞ்சு இருந்திருந்தால் இன்னும் இருபது ரன் கூடியிருக்கும் என்று வாதாடலாம். இங்கிலாந்து நான்கு ஓவரை மிச்சம் வைத்து, பத்து விக்கெட்டும் கையில் இருக்க ஜெயித்தது. இருபது ரன் எந்த மூலைக்கு? சஞ்சுவின் கணக்கையும் மறைக்கக் கூடாது. 2015இல் ஹராரேயில் முதல் ஆட்டம் ஆடியவர் 2022 முடிய இருபது ஓவர் போட்டிகளில் ஆடியவை 16. அவற்றில் அயர்லாந்துக்கு எதிராக எடுத்த 77தான் ஒரே அரைசதம். இதை இங்குள்ள ரசிகர்கள் சொல்வதில்லை.

ஆனால் அந்தப் பதினாறு ஆட்டங்கள் எப்படிக் கிடைத்தன என்று கேட்டால் கதை மாறுகிறது. முதல் ஆட்டத்துக்கும் இரண்டாம் ஆட்டத்துக்கும் நடுவில் நான்கரை ஆண்டு இடைவெளி. 2020 ஜனவரியில் புனேயில் இறங்கி, சந்தித்த முதல் பந்தையே சிக்சருக்கு அடித்து, அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். ஒரு நாள் மூன்றாவதாக இறங்கச் சொன்னார்கள், இன்னொரு நாள் ஐந்தாவதாக. யாராவது காயம்பட்டால் அழைப்பு, அவர் குணமானால் வழியனுப்பு. இப்படித் துண்டு துண்டாக ஆடவிட்டு, "வாய்ப்புக் கொடுத்தோம், பயன்படுத்தவில்லை" என்பது என்ன கணக்கு? நம் ஊர்ச் சந்தையில் தராசை ஆட்டிக்கொண்டே எடை போடுகிறவரை நாம் சும்மா விடுவோமா?

அரையிறுதி முடிந்த பதினைந்தாம் நாள் நியூசிலாந்தில் ஒருநாள் தொடர் தொடங்கியது. ஆக்லாந்தில் சஞ்சு 36 ரன் எடுத்தார், இந்தியா 306 எடுத்தும் தோற்றது. அடுத்து ஹாமில்டனில் சஞ்சுவை நீக்கிவிட்டுத் தீபக் ஹூடாவை எடுத்தார்கள். கத்தாரில் அப்போது உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. அங்கே போன மலையாளி ரசிகர்கள் கால்பந்து மைதானத்தில் சஞ்சுவுக்காகப் பதாகை பிடித்தார்கள் என்றால் கோபத்தை அளந்துகொள்ளலாம். அணித் தலைவர் தவான் சொன்ன காரணம், பந்துவீச ஆறாவது ஆள் வேண்டும் என்பது. கோபத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால் அது நியாயமான காரணம்தான். ஆக்லாந்தில் ஐந்து பேரை மட்டும் வைத்துப் பந்துவீசித்தான் லேத்தமிடம் 145 வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆறாவது பந்துவீச்சாளருக்கு இடம் வேண்டுமென்றால் யாரோ ஒருவர் வெளியே போகத்தான் வேண்டும். அந்த யாரோ எப்போதும் ஒரே ஆளாக இருப்பதுதான் கேள்விக்குரியது.

அதற்கு இரண்டு நாள் கழித்து எந்த மாநிலத்தார் அதிகம் ஏமாற்றப்பட்டார்கள் என்ற போட்டி தொடங்கியது. மலையாளிகள் நம் திருவனந்தபுரத்துக்காரரான அனந்தபத்மநாபனைச் சொல்வார்கள். 344 முதல் தர விக்கெட் எடுத்தும் இந்தியாவுக்கு ஒரு ஆட்டமும் ஆடாத சுழற்பந்து வீச்சாளர், கும்ப்ளே காலத்தில் பிறந்தது அவர் பாவம். கேரள ஆட்டக்காரர் ஒருவர் டெஸ்டில் ஆட 2001இல் டினு யோகன்னன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாம் பதிலுக்கு வி.வி. குமாரைச் சொல்வோம். 1961இல் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து விக்கெட் எடுத்தவருக்கு மொத்தம் இரண்டே டெஸ்ட். பத்ரிநாத்துக்கும் இரண்டே. 2023 ஜூனில் உலக டெஸ்ட் இறுதியில் அசுவினை வெளியே உட்காரவைத்து 209 ரன்னில் தோற்றதை எந்தத் தமிழர் மறப்பார்?

இரு தரப்பும் மறக்கிற பெயர்கள் உண்டு. ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்த ஹரியானாவின் ராஜிந்தர் கோயலுக்கு ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை, பேடி இருந்தார். அமோல் மசும்தார் முதல் தர ஆட்டங்களில் பதினோராயிரம் ரன்னுக்கு மேல் எடுத்தவர், இந்தியாவுக்கு ஆடியதே இல்லை. அவர் பம்பாய்க்காரர். பம்பாயில் பிறந்தால் போதும், இடம் தானே வரும் என்கிறவர்கள் அவரிடம்தான் கேட்க வேண்டும். பின்னாளில் அவர் பயிற்சியில்தான் நம் பெண்கள் அணி 2025இல் உலகக் கோப்பையை வென்றது.

சரி, "நம்மவர்" என்பது யார்? வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். இந்தக் கேள்வியை நாமாவது கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டாமா? சஞ்சுவின் தகப்பனார் டில்லி போலீசில் இருந்தவர். பிள்ளை டில்லியில் வளர்ந்து, பிறகுதான் இங்கே வந்து ஆடினான். அதாவது அவரும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைதான், திசை மட்டும் வேறு. கேரளத்தின் சந்தீப் வாரியர் தமிழ்நாட்டுக்கு ஆடப் போனார், தமிழ்நாட்டின் அபராஜித் கேரளத்துக்கு வந்தார். 2025இல் கேரளம் முதன்முறையாக ரஞ்சி இறுதிக்குப் போனதே, நாகபுரியில் விதர்பாவுக்காக 86உம் 135உம் அடித்துக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனவர் யார்? மலையாளக் குடும்பத்தைச் சேர்ந்த கருண் நாயர். அதே கருண் 2016 டிசம்பரில் நம் சென்னை சேப்பாக்கத்தில் ஆட்டமிழக்காமல் 303 எடுத்தார், அடுத்த டெஸ்டில் அவருக்கு இடமில்லை. இவருக்காக எந்த மாநிலத்தார் கொடி பிடிப்பது?

ஆகவே மாநிலக் கணக்கை விட்டுவிட்டு நாம் கேட்க வேண்டியது வேறு. எடுக்கும் ஆட்டக்காரருக்கு என்ன வேலை, எத்தனை ஆட்டம் என்று முன்கூட்டியே சொல்கிறார்களா? பதினைந்து பேரைத் தேர்வுக் குழு எடுக்கிறது. பதினொருவரைத் தலைவரும் பயிற்சியாளரும் முடிவு செய்கிறார்கள். பழி வரும்போது ஒருவர் மற்றவர் பக்கம் கை காட்டலாம். அடிலெய்டு தோல்விக்குப் பின் கிரிக்கெட் வாரியம் சேத்தன் சர்மாவின் தேர்வுக் குழுவையே கலைத்து விண்ணப்பம் கேட்டது. ஜனவரியில் பார்த்தால் புதிய குழுவுக்கும் தலைவர் அதே சேத்தன் சர்மா! பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சியின் மறைமுகப் படப்பிடிப்பில் சிக்கி அவர் ராஜினாமா செய்தது தனிக் கதை.

வேலையைச் சொல்லி விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதே சஞ்சு சாட்சி. 2024இல் சூர்யகுமார் தலைமையில், தொடர்ந்து ஏழு ஆட்டம் தொடக்க ஆட்டக்காரராக இறங்கலாம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தார்கள். இதைச் சஞ்சுவே பிறகு சொன்னார். அக்டோபரில் ஐதராபாத்தில் 111, நவம்பரில் டர்பனில் 107. அடுத்த இரண்டு ஆட்டத்திலும் பூஜ்யம். பழைய வழக்கப்படி என்றால் அங்கேயே பெட்டியைக் கட்டியிருப்பார். வாக்கு இருந்ததால் ஜோகன்னஸ்பர்க்கில் மறுபடி இறங்கி, ஆட்டமிழக்காமல் 109 எடுத்தார். 2025 தொடக்கத்தில் இங்கிலாந்தின் வேகத்துக்கு முன் ஐந்து ஆட்டத்தில் 51 ரன்தான் எடுத்தார் என்பதும் உண்மை. அதற்குப் பின் அவரைப் பற்றி யார் என்ன முடிவு சொன்னாலும் அது எடை போட்டுச் சொன்ன முடிவு. 2022இல் அந்தத் தராசே இல்லை. கார்த்திக்குக்கு அந்த ஆண்டு கடைசி ஓவர் வேலை என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அவர் தவறியதும் மாற்றினார்கள். அதில் எனக்குக் குறையில்லை.

வீட்டில் அடுத்த முறை பிள்ளையோடு வாதம் வந்தால், "உன் சஞ்சு, என் கார்த்திக்" என்று ஆரம்பிக்காமல், எந்த இடத்தில் இறங்கினார், முந்தின ஆட்டத்தில் எங்கே இறங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் விரல் நுனியில் விவரம் வைத்திருக்கிறார்கள், நம்மைவிட நன்றாகவே பேசுவார்கள். அப்படிப் பேசும் வீட்டில் "பாண்டி"க்கும் பதிலடிக்கும் இடம் குறையும்.

கடைசியாக ஒன்று. இதே திருவனந்தபுரத்துப் பெண் ஆஷா சோபனா. சுழற்பந்து வீச்சாளர். இந்தியாவுக்காக முதன்முதலில் ஆட 33 வயது வரை, 2024 மே வரை காத்திருந்தவர். அந்த அக்டோபரில் இருபது ஓவர் உலகக் கோப்பையில் நம் பெண்கள் அணி நியூசிலாந்திடம் 58 ரன்னில் தோற்று, பிறகு ஆஸ்திரேலியாவிடமும் தோற்று, முதல் சுற்றோடு வெளியேறியது. ஆஸ்திரேலிய ஆட்டத்துக்கு டாஸ் போட்ட பிறகு காயத்தால் ஆஷா விலக நேர்ந்தது. மறுநாள் காலை சாலைக் கடைத்தெருவில் நடந்தேன். தோல்வியைப் பற்றியும் சரி, ஆஷாவைப் பற்றியும் சரி, ஒருவரும் என்னை நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை.