மாறுவேடம் போடட்டும், கடன் வேண்டாம்!

பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி வருகிறது. நான்கு நாட்களுக்குள் மகள் ராணி வேடத்துக்குத் தயாராக வேண்டும். அல்லது, வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி மஞ்சள் உடுப்பில் வரவேண்டும்.

இந்தச் செய்தி சீட்டில் வந்தாலும் சரி, கைப்பேசியில் வந்தாலும் சரி, பிள்ளைக்குக் கொண்டாட்டம். தாய்க்குத் திண்டாட்டம்!

மாத்தூரில் இது சின்ன விஷயம் அல்ல. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர் இது. மணலி ஆலைகளுக்கும், எண்ணூருக்கும், துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரரின் பிள்ளையும், ஒப்பந்தக் கூலியின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஒருவர் வாடகைக் கடைக்குப் போய் உடுப்பு எடுத்துவிடுவார். இன்னொருவருக்கு அதிலேயே ஒரு நாள் கூலி போய்விடும்.

பணம் இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது? "நாளைக்கு உனக்குக் காய்ச்சல் என்று டீச்சரிடம் சொல்லிவிடுகிறேன்" என்கிறாள் தாய். பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடுகிறது. காய்ச்சல் உடம்பில் இல்லை, மனதில் இருக்கிறது.

இது நடக்கக் கூடாது.

சீருடை எதற்கு வந்தது?

காமராசர் 1954 முதல் 1963 வரை முதல்-அமைச்சராக இருந்தார். அவர் காலத்தில்தான் 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வந்தது. இலவசச் சீருடையும் அவர் காலத்தில் தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு இதற்காக ஊர் ஊராகப் போய் உழைத்தார்.

நோக்கம் ஒன்றுதான். பணக்காரப் பிள்ளை யார், ஏழைப் பிள்ளை யார் என்பது உடுப்பைப் பார்த்துத் தெரியக் கூடாது!

இன்றைக்கும், சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு 4 செட் சீருடை கொடுக்கிறது. பெண்களின் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் அதைத் தைத்துக் கொடுக்கின்றன.

ஆண்டு முழுவதும் சீருடை மறைத்து வைத்த வித்தியாசத்தை, மாறுவேட நாள் ஒன்று வெளியே காட்டிவிடலாமா?

காந்தி சொல்லும் பாடம்

பிள்ளைகள் அதிகம் போடுகிற வேடம் காந்தி வேடம். அந்த உடை எப்படி வந்தது தெரியுமா?

1921 செப்டம்பர் 22. மதுரை மேலமாசி வீதியில் காந்தி தங்கியிருந்தார். கதர் வாங்கக் காசு இல்லை என்று ஏழைகள் சொன்னது அவர் மனதைச் சுட்டது. அன்றைக்கே நீண்ட வேட்டியையும் சட்டையையும் விட்டார். அரை வேட்டி கட்டினார். கடைசி வரை அப்படியே வாழ்ந்தார்.

ஏழைக்கு வெட்கம் வரக் கூடாது என்று வந்த உடை அது. அந்த உடைக்கு வாடகை கொடுக்கக் கடன் வாங்கலாமா? அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்தால் போதும். கம்பு தெருவில் கிடைக்கும்.

காமராசர் வேடத்துக்கு வெள்ளைச் சட்டையும் தோள் துண்டும் போதும். பாரதியார் வேடத்துக்கு முண்டாசும் கறுப்புக் கோட்டும் வேண்டும். கோட்டு இல்லையா? அக்கம்பக்கத்தில் இரவல் கேளுங்கள். வட சென்னைத் தொழிலாளர்களுக்காகப் பாடுபட்ட திரு.வி.க. வேடம் போடலாமே! 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு முன்னின்றவர் அவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு கண்ணாடி. முடிந்தது வேடம்!

எல்லோரும் ஒரே மாதிரி

வகுப்பு முழுவதும் ஒரே உடுப்பில் வரவேண்டுமா? அந்த உடுப்பு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அதுதான் சீருடை!

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி நம் ராயபுரத்தில் இருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. வகுப்பே அந்த ரயிலாக வரட்டும். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக வரட்டும். எல்லோர் மார்பிலும் ஓர் அட்டை. அட்டையில் பெட்டியின் எண். முன்னால் ஒரு டிரைவர். பின்னால் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் பிடித்த கார்டு. பழைய காலண்டர் அட்டையும் கொஞ்சம் மைதா பசையும்தான் செலவு.

மஞ்சள் உடுப்புத்தான் வேண்டுமென்றால், பழைய வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து உலர்த்துங்கள். காக்கி போன்ற நிறம் வேண்டுமா? தேயிலைச் சாயத்தில் நனையுங்கள்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரி வேண்டுமா? முன்பு தீபாவளிக்கு நம் வீடுகளில் என்ன செய்தோம்? ஒரே துணியில் அவனுக்குச் சட்டையும் அவளுக்குப் பாவாடையும் தைத்தோம். இப்போதும் அப்படியே செய்யலாம். பொங்கலுக்கும் அதைப் போட்டுக்கொள்ளலாம். வாடகை உடுப்பு மறுநாளே திரும்பிப் போய்விடும். தைத்த உடுப்பு வீட்டில் நிற்கும்.

பிள்ளையையும் பாருங்கள்

வேடம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. சென்னை வெயிலில் கனத்த ஜிகினா உடுப்பு வியர்க்கும், அரிக்கும். மீசையைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். கண்மையால் வரைந்தால் போதும். சின்னப் பிள்ளை அவசரத்துக்கு ஒதுங்க வேண்டுமானால், உடுப்பைச் சட்டென்று கழற்ற முடிய வேண்டும். குண்டூசி குத்தக் கூடாது.

ஆசிரியர்களுக்கு

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 10 நாட்களுக்கு முன்பே சொல்லுங்கள். மாதக் கடைசியில் வைக்காதீர்கள். "வீட்டில் உள்ள பொருளில்தான் வேடம் போட வேண்டும், கடையில் எடுத்தால் பரிசு இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். பரிசை உடுப்புக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை பேசுகிற 4 வரிக்குக் கொடுங்கள். பள்ளியில் ஒரு பெட்டி வையுங்கள். வேட்டி, துண்டு, தொப்பி, கண்ணாடி எல்லாம் அதில் இருக்கட்டும். கொண்டு வராத பிள்ளை, கேட்காமலே எடுத்துக்கொள்ளட்டும்.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். பெரியவர்களுக்கு அது பொருந்தலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைதான் முழுசு. மாறுவேட நாளில் ஒரு பிள்ளைகூட காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் இருக்கக் கூடாது. வகுப்பில் எல்லா இடமும் நிறைந்திருந்தால், அதுவே முதல் பரிசு!