நிராகரிப்புச் சீட்டோடு தேடல் நின்றுவிடக் கூடாது

கோரிக்கை மனு

அனுப்புநர்: அறிவுசார் குறைபாடு உள்ளோரின் பெற்றோர் சங்கத்தினர், தக்கலை, கல்குளம் வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில். (வழி: சார் ஆட்சியர், பத்மநாபபுரம்)

பொருள்: காப்பகங்களில் உள்ள அடையாளம் தெரியாதோரைக் கருவிழிப் பதிவு மூலம் குடும்பத்தோடு சேர்த்தல் – தொடர்பாக.



திப்ருகரிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் விவேக் எக்ஸ்பிரஸுக்கு நம் கன்னியாகுமரிதான் கடைசி நிலையம். எங்கோ ஏறி, இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களும் இங்கேதான் இறக்கிவிடப்படுகிறார்கள். ஊர்ப்பெயர் சொல்லத் தெரியாது. சொன்னாலும் அந்த மொழி நமக்குப் புரியாது. எங்கள் பிள்ளைகள் கேரள எல்லைக்குப் போகும் களியக்காவிளை பஸ்ஸில் ஏறிவிட்டால் அவர்களுக்கும் இதே கதிதான்.

ஜபல்பூரிலிருந்து காணாமல் போன, பேச்சு சரியாக வராத சிறுவன் ஒருவன் நாக்பூரில் வளர்ந்தான். பள்ளிக்கூடத்துக்காக ஆதாருக்கு விண்ணப்பித்தபோது நிராகரிக்கப்பட்டது. காரணத்தை விடாமல் விசாரித்ததில், அவனுடைய உடல் அடையாளப் பதிவோடு பழைய ஆதார் ஒன்று ஏற்கெனவே இருப்பது தெரிந்து, 2021-இல் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தான். விசாரிக்காமல் விட்டிருந்தால் அந்தச் சீட்டு குப்பைக்குப் போயிருக்கும்.

இதற்குக் கருவிழி எதற்கு, கைரேகை போதாதா என்று கேட்கலாம். முந்திரி ஆலையில் கொட்டை ஓட்டின் பாலில் ஊறிய விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? ரேஷன் கடைகளிலேயே கருவிழியைப் பார்க்கத் தொடங்கியாயிற்று. ஆனால் எங்கள் பிள்ளையைக் கருவிக்கு முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் இறுக மூடிக்கொள்வான். "கண்ண முழிச்சுப் பாரு மக்களே" என்று தாய் கெஞ்சுவாள். பின்னால் டோக்கனோடு வரிசை நிற்கும். அதனால் கருவியும் பொறுமையான ஊழியரும் காப்பகங்களுக்கும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகளுக்கும் மாதம் ஒருமுறை நேரில் வர வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

'ஏற்கெனவே பதிவு உள்ளது' என்று நிராகரிப்பு வந்தால், அதை பெங்களூரு மண்டல ஆதார் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று முடிவு காணப் பொறுப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். எங்களைப் பொறுத்தவரை இதுதான் தலையாயது. இந்த அலுவலர் கேரளக் காவல்துறையோடும் தொடர்பில் இருக்க வேண்டும்.

கருவிழிப் பதிவைக் காவல்துறைக்குத் தரும்படி நாங்கள் கேட்கவில்லை. ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, தடுப்பதும் நல்லதே. தெருவில் நிற்பவரையெல்லாம் பிடித்துக் கண்ணைப் படமெடுக்கும் புதிய திட்டமும் வேண்டாம். காப்பகங்களில் கருவிழி எடுக்குமுன், குழந்தைகளுக்குக் குழந்தைகள் நலக் குழுவின் ஒப்புதலும், அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி அமைந்த உள்ளூர்க் குழு வழியே காப்பாளர் ஒப்புதலும் பெற வேண்டும்.

ஆதரவின்றி அலையும் மனநோயாளிக்குக் 'காணவில்லை' என முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவது காவல் நிலையத்தின் கடமை என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 100-ஆம் பிரிவு. இதை எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டுகிறோம்.

ஐந்து வயதுக்குள் எடுக்கும் ஆதாரில் கருவிழி இருக்காது. எனவே 5, 15 வயதுப் புதுப்பித்தலைச் சிறப்புப் பள்ளிகளிலேயே முகாம் வைத்து முடித்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
தக்கலை

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்.