பார்ட்டிஷன் போனால் எல்லாம் போச்சா?

கணினி சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு ஒன்று உண்டு: "பார்ட்டிஷன் போயிருச்சுங்க. ஃபார்மட் அடிச்சு புதுசா ஓஎஸ் போட்டாத்தான் உண்டு." விண்டோஸும் லினக்ஸும் ஒரே வட்டில் இருக்கும் கணினி என்றால் தீர்ப்பு இன்னும் விரைவாக வந்துவிடும். "ரெண்டு ஓஎஸ் போட்டா இப்படித்தான் ஆகும்" என்ற கண்டிப்பும் கூடவே வரும். கணினியைக் கொண்டுவந்தவருக்கு மறுத்துப் பேசத் தெரியாது. கல்லூரி ப்ராஜெக்ட், குழந்தையின் படங்கள், கடைக் கணக்கு எல்லாம் போய்விட்டதாக மனதைத் தேற்றிக்கொண்டு "சரி, போடுங்க" என்கிறார். அந்த வார்த்தையை அவர் சொல்லும் வரை பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. அதற்குப் பிறகுதான் போகிறது.

பார்ட்டிஷன் அழிந்தால் தகவலும் அழிந்துவிடும் என்ற இந்த நம்பிக்கை தவறானது. நோயைவிட மருந்து கொல்லும் வகையைச் சேர்ந்தது என்பதால், தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டுவிடவும் முடியாது.

ஒரு வட்டில் பார்ட்டிஷன் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. எந்த செக்டரில் தொடங்கி எத்தனை செக்டர் வரை இன்ன பகுதி என்று எழுதிவைத்த ஒரு சிறு பட்டியல்தான் அது. 1983-இல் வந்த பிசி டாஸ் 2.0 காலத்திலிருந்து தொடரும் எம்பிஆர் முறையில் வட்டின் முதல் செக்டர் மொத்தம் 512 பைட். அதில் 446 பைட் கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலுக்கு, கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கு. நடுவில் உள்ள 64 பைட்தான் பார்ட்டிஷன் பட்டியல்: வரிக்கு 16 பைட் வீதம் நான்கு வரிகள். 500 ஜிபி வட்டில் ஒரு பார்ட்டிஷனை 'டெலிட்' செய்யும்போது அடிப்படையில் நடப்பது இந்தப் பட்டியலில் ஒரு வரி காலியாவதுதான். அந்த வரி சுட்டிய படங்களும் பாடங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வயலின் எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டால் பயிர் கருகிவிடுவதில்லை.

இப்போதைய கணினிகளில் உள்ள ஜிபிடி முறை இன்னும் எச்சரிக்கையானது. வட்டின் தொடக்கத்தில் ஒரு பட்டியல், வட்டின் கடைசியில் அதன் நகல். இரண்டிலும் சரிபார்ப்பு எண் உண்டு. ஒன்று சிதைந்தால் சிதைந்தது எது என்று மென்பொருளால் கண்டுபிடிக்க முடியும். தலைப்பகுதி கெட்டால் வால்பகுதியிலிருந்து எடுத்துச் சீராக்க ஜிடிஸ்க் போன்ற இலவசக் கருவிகளே போதும். ஒரு பார்ட்டிஷனை முறைப்படி அழித்தால் இரண்டு பட்டியல்களிலும் அந்த வரி நீங்கிவிடும் என்பது உண்மைதான். அப்போதும் வழி அடைபடுவதில்லை.

ஏனென்றால் ஒவ்வொரு பார்ட்டிஷனும் தன் ஜாதகத்தைத் தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் தன் முதல் செக்டரில் தன் பெயரையும் அளவையும் குறித்துவைத்து, அதன் நகலைப் பகுதியின் கடைசி செக்டரில் வைக்கிறது. ஃபேட்32 ஆறாவது செக்டரில் நகல் வைப்பது வழக்கம். லினக்ஸின் இஎக்ஸ்டி4, பகுதி தொடங்கி 1,024 பைட் தள்ளி சூப்பர்பிளாக் என்ற தலைக்குறிப்பை எழுதுகிறது. அதே குறிப்பின் நகல்களைப் பகுதி நெடுகிலும் தூவிவைக்கிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து பார்ட்டிஷன்கள் பெரும்பாலும் முழு எம்பி எல்லையில் தொடங்குவதால், தேடவேண்டிய இடங்களும் கணிக்கக்கூடியவை. காணாமல்போன பட்டியலை மீண்டும் எழுதத் தேவையான அத்தனை தகவலும் அந்த வட்டிலேயே கிடக்கிறது.

விபத்து எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சி டிரைவில் இடம் போதவில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் பெயரோ எழுத்தோ இல்லாத 60 ஜிபி பகுதி ஒன்று தெரிகிறது. இஎக்ஸ்டி4 பகுதியை விண்டோஸ் அப்படித்தான் காட்டும். யாருக்கும் வேண்டாத இடம் என்று நினைத்து அதை அழிக்கிறார் உரிமையாளர். மறுமுறை கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் "அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை" என்ற ஆங்கில வரி. அதன் கீழே க்ரப் ரெஸ்க்யூ என்று துடிக்கும் கர்சர். விண்டோஸும் வரவில்லை. இரண்டு ஓஎஸ்ஸும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன என்று அவர் முடிவுகட்டுகிறார்.

உண்மையில் விண்டோஸுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கணினியைத் தொடங்கி, எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்பது க்ரப் என்ற சிறு நிரல். அதன் தொடக்கத் துண்டு வேறிடத்தில் இருக்கிறது. மீதிக் கோப்புகள் அழிக்கப்பட்ட லினக்ஸ் பகுதிக்குள் இருந்தன. அவை கிடைக்காததால் வாசலிலேயே அது நின்றுவிட்டது. யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை உள்ள கணினி என்றால் தொடங்கும்போதே பூட் மெனுவைத் திறந்து 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் பாட்டுக்கு வந்து நிற்கும். பழைய எம்பிஆர் கணினி என்றால் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவின் ரிப்பேர் பகுதிக்குப் போய், முதல் செக்டரின் தொடக்க நிரலை மட்டும் திருப்பி எழுதினால் போதும். பார்ட்டிஷன் பட்டியலை அது தொடுவதில்லை. ஃபார்மட் தேவைப்படும் கட்டமே இதில் கிடையாது.

2024 ஆகஸ்டில் உலகம் முழுவதும் இதே பதற்றம் பரவியது. அம்மாதம் 13-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு, 2022-இல் வெளிப்பட்ட ஒரு க்ரப் ஓட்டையை அடைப்பதற்காகப் பழைய லினக்ஸ் பூட் நிரல்களைத் தடுக்கும் விதியை யுஇஎஃப்ஐக்குள் எழுதியது. இரட்டை ஓஎஸ் கணினிகளில் இந்த விதி எழுதப்படாது என்று அந்நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனால் எழுதப்பட்டது. உபுண்டு, மின்ட், டெபியன் வைத்திருந்த பலரின் திரையில், பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டது, ஏதோ பெருந்தவறு நேர்ந்துவிட்டது என்ற வரிகள் வந்தன, கணினி அணைந்தது. லினக்ஸே அழிந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும் அறிவிப்பு அது. ஆனால் வட்டின் லினக்ஸ் பகுதியில் ஒரு பைட்கூட மாறவில்லை. யுஇஎஃப்ஐயின் பாதுகாப்பு அம்சமான செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் நுழைந்து, அந்த விதியை ஒரே கட்டளையில் நீக்கி, செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டால் வேலை முடிந்தது. 'ஃபார்மட் அடி' என்ற பழக்கத்தில் இருந்தவர்கள் அன்று எந்தப் பழுதும் இல்லாத வட்டைத்தான் துடைத்திருப்பார்கள்.

உண்மையிலேயே பட்டியல் அழிந்த கணினிக்கும் மருந்து உண்டு. பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே 1998 முதல் எழுதிவரும் டெஸ்ட்டிஸ்க் கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றிலிருந்து கணினியைத் தொடங்கி அதை ஓடவிட வேண்டும். மவுஸுக்கு இடமில்லாத, எழுத்துகள் மட்டுமே உள்ள திரை. வட்டைத் தேர்ந்து, பட்டியலின் வகையைத் தேர்ந்து, அலசச் சொன்னால், பார்ட்டிஷன்கள் தலைகாட்டக்கூடிய இடங்களில் எல்லாம் அது அடையாளம் தேடுகிறது. கிடைத்தவை தொடக்கம், முடிவு, அளவோடு ஒவ்வொன்றாக வரிசையில் வந்து விழுகின்றன. இதில் மிக முக்கியமான விசை 'பி'. ஒரு வரியின் மேல் நின்று அதை அழுத்தினால் அந்தப் பகுதிக்குள் இருக்கும் கோப்புப் பெயர்கள் திரையில் விரிகின்றன. காணாமல்போனதாகச் சொல்லப்பட்ட ஃபோல்டர்கள் தேதியோடும் அளவோடும் அங்கே நிற்கும். அவற்றைப் பார்த்து உறுதிசெய்த பிறகே 'ரைட்' என்பதைத் தொட வேண்டும். அதுவரை கருவி வட்டில் எதையும் எழுதவில்லை. படித்துக்கொண்டு மட்டுமே இருந்தது.

லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டியல் அழிந்துவிட்டால் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, பலர் அறியாதது. பயன்பாட்டில் இருக்கும் வட்டின் பழைய பட்டியல் கெர்னலின் நினைவில் அப்படியே இருக்கும். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற எண்களை அந்த நேரத்திலேயே படித்துக் குறித்துக்கொள்ளலாம். பதறிப்போய் ரீஸ்டார்ட் செய்தால் அந்தக் கடைசிப் பிரதியும் போய்விடும்.

இவ்வளவு வழிகள் இருந்தும் நம்பிக்கை ஏன் ஊன்றி நிற்கிறது? விண்டோஸின் அறிவிப்புகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. தனக்குப் புரியாத பகுதியைப் பார்த்ததும், இந்த வட்டைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று அது கேட்கிறது. பட்டியல் சிதைந்த வட்டைப் பார்த்தால் 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்கிறது. இரண்டும் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டுபோல் திரையில் வருவதால் ஜனங்கள் கீழ்ப்படிகிறார்கள். முதலாவதற்கு 'ஆமாம்' சொன்னால் பழைய பகுதியின் தலைமேல் புதிய கோப்பு முறை எழுதப்படுகிறது. இரண்டாவது, மீதமிருக்கும் பட்டியலையும் துடைத்துப் புதிதாக எழுதுகிறது. கடைக்காரரின் கணக்கும் இதில் சேர்கிறது: ஓஎஸ் போடுவது இத்தனை மணி நேரம் என்று தெரிந்த வேலை, மீட்பு எவ்வளவு நேரம் இழுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவருடைய நெருக்கடி புரிந்துகொள்ளக்கூடியது. அதற்காக, முடியும் என்பதை முடியாது என்று வாடிக்கையாளரிடம் சொல்வதை ஏற்க முடியாது.

எதிர்த்தரப்பு எடுத்துவைக்கும் வலுவான வாதம் எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் சரி, எஸ்எஸ்டியில் அழித்தது அழித்ததுதான் என்பார்கள். இதில் பாதி உண்மை. இன்ன இடம் இனி வேண்டாம் என்று ஓஎஸ் தெரிவிக்கும் 'ட்ரிம்' கட்டளை போய்ச் சேர்ந்தால் அந்த இடத்தைத் திரும்பப் படிப்பது பெரும்பாலும் நடக்காது. ஆனால் ட்ரிம் எப்போது போகிறது என்று பாருங்கள். விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது போகிறது. லினக்ஸில் புதிய இஎக்ஸ்டி4 உருவாக்கும்போது இயல்பாகவே போகிறது. அழித்த 60 ஜிபியை சி டிரைவோடு இணைத்துவிட்டால், விண்டோஸ் தானாக நடத்தும் பராமரிப்பில் அந்தக் காலியிடம் முழுவதற்கும் போகிறது. எஸ்எஸ்டி வாதம் அப்படியே ஃபார்மட்டுக்கு எதிராகத் திரும்புகிறது: எஸ்எஸ்டி என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இன்னும் அவசியம்.

சாதாரண ஹார்ட் டிஸ்க்கிலும் ஃபார்மட் தீங்கற்றது என்று நினைக்க வேண்டாம். விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மட் அந்தப் பகுதி முழுவதும் சுழியம் எழுதுகிறது. எக்ஸ்பி காலத்தில் அது வட்டைச் சரிபார்த்ததோடு சரி. "ஃபார்மட் அடிச்சாலும் சாஃப்ட்வேர் போட்டு எடுத்துடலாம்" என்று சிலர் இன்றும் சொல்வது அந்தக் காலத்து அனுபவத்தை வைத்துத்தான்.

மீட்க முடியாத நிலைகளும் உண்டு, அவற்றை மறைக்கத் தேவையில்லை. பிட்லாக்கர் போட்ட பகுதிக்கு மீட்புச் சாவி இல்லாவிட்டால், பட்டியல் திரும்பி வந்தாலும் உள்ளே போக முடியாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் பல கணினிகளுக்கு இந்தப் பூட்டு தானாகவே விழுவதால், சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவைக்க வேண்டும். லினக்ஸின் லக்ஸ் குறியாக்கத்தில் தலைப்பகுதி அழிந்து, நகலும் இல்லை என்றால் கதை முடிந்தது. பார்ட்டிஷனை நகர்த்தும் வேலை பாதியில் மின்சாரம் போய் நின்றால், தகவல் பாதி அங்கும் பாதி இங்குமாகக் கிடக்கும். டொக் டொக் என்று ஒலி எழுப்பும் வட்டு வேறு நோயாளி. அதை முதலில் வேறொரு வட்டுக்கு முழுதாக நகலெடுக்க வேண்டும். இந்த நிலைகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய காரணமே, மற்றவற்றை இவற்றோடு சேர்த்துக் குப்பையில் போடாமல் இருக்கத்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பேச்சு அந்நியமானதில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மாணவர்கள் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினியே இரட்டை ஓஎஸ் கணினிதான். அதை எப்படிப் பிழைக்கவைப்பது என்ற பாடத்தை அவர்களுக்குக் கொடுப்பதற்கு முன்பே, ஃபார்மட் அடிக்கும் வழக்கம் அவர்களை வந்து சேர்ந்துவிட்டது.

இதை மாற்றப் பெரிய செலவு எதுவும் இல்லை. சர்வீஸ் கடைகள் வேலைச் சீட்டில் ஒரு கேள்வியைச் சேர்க்கட்டும்: இந்த வட்டில் உங்களுக்கு வேண்டிய தகவல் இருக்கிறதா? ஆம் என்றால், வட்டின் முழு நகலை எடுக்காமல் அல்லது டெஸ்ட்டிஸ்க்கில் ஒருமுறை பார்க்காமல் அதில் எதையும் எழுதக் கூடாது என்பது விதியாகட்டும். மீட்புக்குத் தனிக் கட்டணம் வாங்கட்டும். வாங்குவது நியாயம், கேட்டால் மக்கள் கொடுப்பார்கள். பாலிடெக்னிக், கல்லூரி ஆய்வகங்களில் ஓஎஸ் நிறுவுவதைக் கற்பிக்கும் அதே வகுப்பில், ஒரு பழைய வட்டின் பட்டியலை வேண்டுமென்றே அழித்து மாணவர்களையே மீட்கச் சொல்லட்டும். வீட்டில் இரட்டை ஓஎஸ் வைத்திருப்பவர்கள் பார்ட்டிஷனில் கைவைக்கும் முன் எஸ்எஃப்டிஸ்க் கட்டளையால் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம். சில வரிகளே உள்ள கோப்பு அது. விபத்து நடந்த பிறகு அதே கட்டளைக்கு அந்தக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தால், பழைய பட்டியல் எண் பிசகாமல் வட்டில் எழுதப்பட்டுவிடும்.