கிழட்டுப் பெட்டிகளுக்கு ஒரு வக்காலத்து

மனிதனுக்கு அறுபது நிறைந்தால் மாலை போட்டு மறுபடியும் ஒரு தாலி கட்டச் சொல்கிறோம். ரயில் பெட்டிக்கு இருபத்தைந்து நிறைந்தால் கதை முடிந்தது. அதற்குமேல் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு போகும் யோக்கியதை அதற்கு இல்லை என்பது பொது விதி. எலும்பு கெட்டியாக இருக்கிறதா, சக்கரம் சரியாக உருளுகிறதா என்பதெல்லாம் அப்புறம், ஜாதகம்தான் முதலில்.

அப்படி ஓய்வு பெற்ற பெட்டிகள் எங்கே போகின்றன? பாதிக் கதை எல்லோருக்கும் தெரியும்: வெட்டி, எடை போட்டு, ஏலம் விடுகிறார்கள். மீதிக் கதைதான் சுவாரசியமானது. சில பெட்டிகளுக்கு ஜன்னலை அடைத்து, ஆசனங்களைப் பிடுங்கி எறிந்து, கடைசிச் சுவரில் பெரிய கதவு வைத்து, உள்ளே புத்தம்புதிய மோட்டார் கார்களை ஏற்றி அனுப்புகிறார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் செய்கிற கார்கள் வாலாஜாபாத்தில் ரயிலேறி வடக்கே போவது இப்படித்தான். ஆக, மனிதனுக்கு ஆகாதென்று தள்ளிய பெட்டி மோட்டாருக்கு ஆகிறது! கார் உள்ளே சொகுசாக உட்கார்ந்து போகிறது. அந்தக் காரைச் செய்த தொழிலாளி, வேறொரு வண்டியின் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போகிறான்.

இன்னும் சில பெட்டிகளுக்கு வேறு யோகம். 2020-ல் வங்காளத்து அசன்சோல் ஸ்டேஷனில் வயதான இரண்டு பெட்டிகளைச் சாப்பாட்டுக் கடையாக மாற்றினார்கள். அதிலிருந்து பல ஊர்களில் இது ஒரு மோஸ்தராகிவிட்டது. ஓடாத வண்டியில் உட்கார்ந்து தோசை சாப்பிடுவதில் என்ன ஆனந்தமோ எனக்குத் தெரியாது. அதே 2020-ல் கொள்ளை நோய் வந்தபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பெட்டிகளை ஆஸ்பத்திரி வார்டுகளாக மாற்றினார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு நோயாளியைக்கூடக் காணாமல் யார்டுகளில் மாதக் கணக்கில் நின்றன. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆபத்துக் காலத்தில் எடுத்த முடிவு. ஆனால் அதிலிருந்து ஒன்று தெரிந்ததல்லவா? மனசு வைத்தால் சில வாரங்களில் ஆயிரக்கணக்கான பழைய பெட்டிகளைச் சேகரிக்கவும், திருத்தவும், நிறுத்தி வைக்கவும் நம்மால் முடியும். நோயாளிக்காகச் செய்ய முடிந்ததை ஆபீசுக்குப் போகிறவனுக்காகச் செய்யக் கூடாதா என்பதுதான் என் கேள்வி.

நான் சொல்வது யாருக்காக என்று வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில், பைபாஸை ஒட்டினாற்போல் இருக்கிறது சென்னீர்குப்பம். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாகக் கிடந்த பக்கம். இப்பொழுது கிடங்கும் பட்டறையும் அடுக்கு வீடுமாக நெருங்கிவிட்டது. ரயில் ஸ்டேஷன் கிடையாது. இங்கிருந்து ரயிலுக்குப் போகிறவன் பாரிவாக்கம், பருத்திப்பட்டு என்று பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ குலுங்கி, ஆவடி போய்ச் சேர வேண்டும். பக்கத்திலேயே பூந்தமல்லியில் மெட்ரோவுக்குப் பெரிய பணிமனை கட்டி, டிரைவரே இல்லாமல் ஓடுகிற வண்டிகளைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம், வாழ்த்துகிறேன். ஆனால் மெட்ரோ போகிற திசை வேறு, பெரம்பூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் போகிறவனுடைய திசை வேறு. அவனுக்கு ஆவடிதான் கதி. ஆவடியில் அவன் ஏறுகிற வண்டி அரக்கோணத்திலும் திருவள்ளூரிலுமே நிரம்பி வழிந்துகொண்டு வருகிறது.

அப்படி வழிகிற கூட்டம் என்ன ஆகும் என்பதற்கு 2018 ஜூலை 24-ந் தேதி பரங்கிமலை ஸ்டேஷனில் நடந்தது சாட்சி. வழக்கமான பாதையில் கோளாறு. வண்டியை வேகப் பாதையில் திருப்பிவிட்டார்கள். படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பக்கத்துச் சுவரில் மோதி மாண்டார்கள். மறுநாள் பத்திரிகைகளில், "இளைஞர்கள் படியில் பயணம் செய்யக் கூடாது" என்று உபதேசம் வந்தது. உள்ளே இடமிருந்தால் யார் ஐயா படியில் தொங்கப் போகிறார்கள்? விளையாட்டுக்குத் தொங்குகிறவன் பத்தில் ஒருவன் இருக்கலாம். மற்ற ஒன்பது பேரும் எட்டரை மணிக்குக் கார்டு தேய்க்க வேண்டியவர்கள்.

இந்த விஷயத்தில் ஜகார்த்தா நகரத்துக் கதையை நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே ஜனங்கள் வண்டியின் கூரைமேல் ஏறிப் பிரயாணம் செய்துகொண்டிருந்தார்கள். 2012-ல் அதிகாரிகளுக்கு ஒரு யோசனை தோன்றியது: தண்டவாளத்துக்கு மேலே, கூரையில் இருப்பவன் தலையில் இடிக்கும்படி சிமெண்ட் உருண்டைகளைத் தொங்கவிட்டார்கள்! எந்த ஊர் அதிகாரிக்கும் முதலில் தோன்றுவது உருண்டைதான் போலிருக்கிறது. ஆனால் கூரைப் பிரயாணத்தை ஒழித்தது அந்த உருண்டை அல்ல. ஜப்பானியர்கள் ஓட்டித் தேய்த்துக் கழித்த பெட்டிகள் ஒழித்தன. 2000-ல் டோக்கியோ நகராட்சி தன்னுடைய மீட்டா பாதையில் ஓடிய 72 பெட்டிகளை இனாமாகக் கொடுத்தது. அது ஆரம்பம். பிறகு 2013-லிருந்து டோக்கியோவைச் சுற்றி ஓடிய 205 வரிசைப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் கப்பலேறி வந்தன. கதவு மூடுகிற, குளிர்சாதனம் உள்ள வண்டிகள். ஐந்தாறு வருஷத்தில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் பேர் அந்த வண்டிகளில் போனார்கள். கூரையில் ஏற ஆளில்லை.

2023-ல் அந்த நாட்டு அரசாங்கமே, "இனிமேல் பழைய பெட்டி வேண்டாம், புதிதாக வாங்குவோம்" என்று முடிவு செய்தது. உடனே என்னோடு வாதாடும் நண்பர் ஒருவர், "பார்த்தீர்களா, அவர்களே கைவிட்டு விட்டார்கள்!" என்றார். கைவிடவில்லை, ஸ்வாமி; அதன் தோளில் ஏறிக் கரை சேர்ந்துவிட்டார்கள். இருபது வருஷம் பழைய பெட்டிகள் கூட்டத்தைச் சுமந்ததால்தான் புதிய பெட்டிகள் வருகிறவரை காத்திருக்க அவர்களால் முடிந்தது.

அதற்காக நாமும் டோக்கியோவுக்குக் கடிதம் எழுத முடியாது. ஜகார்த்தாவின் தண்டவாள அகலமும் ஜப்பானின் அகலமும் ஒன்று, 1067 மில்லிமீட்டர். மின்சாரமும் ஒரே மாதிரி. நம்முடைய அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். நம்மைத் தவிர பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை, அப்பால் அர்ஜென்டினா, சிலி என்று விரல்விட்டு எண்ணும் சில நாடுகளில்தான் அது உண்டு. ஆகவே நமக்குப் பழைய பெட்டிக் கடை உள்ளூரிலேயேதான். அந்தக் கடையோ இப்பொழுது நிரம்பி வழிகிறது. 1955-ல் நேரு திறந்துவைத்த பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை, ஸ்விஸ் மாதிரியில் செய்துவந்த பழைய ரகத்தை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. இப்போது வருவதெல்லாம் ஜெர்மன் வழி வந்த புது ரகம். ஒவ்வொரு தூர வண்டியும் புது ரகத்துக்கு மாற மாற, வயது முடியாத பழைய பெட்டிகளும் வெளியே வருகின்றன. பதினைந்து வயதுப் பெட்டியும் உண்டு. இன்னும் ஓடத் தெம்பு உள்ளவை.

இங்கேதான் எதிர்க்கட்சிக்காரர் எழுந்திருப்பார். "பாதுகாப்பு இல்லையென்று தள்ளிய பெட்டியைச் சென்னைக்காரன் தலையில் கட்டப் பார்க்கிறீரா?" என்பார். நியாயமான கேள்வி. பழைய ரகத்துக்கு ஒரு குறை உண்டு: விபத்தில் ஒரு பெட்டி இன்னொன்றின்மேல் ஏறிவிடும். திருகு இணைப்பும் பக்கத்து இடிதாங்கியும் அதற்குக் காரணம். 2012-ல் அனில் காகோட்கர் கமிட்டி புது ரகத்துக்கு மாறச் சொன்னது இதனால்தான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் மணிக்கு நூறு மைலோ நூறு கிலோமீட்டரோ பறக்கிற தூர வண்டியின் ஆபத்தும், அறுபது எழுபதில் போகிற ஊர் வண்டியின் ஆபத்தும் ஒன்றல்ல. இணைப்பை மாற்றலாம், வேகத்துக்கு வரம்பு வைக்கலாம், சோதனையில் தேறாததை வெட்டிப் போடலாம். இவ்வளவும் செய்த பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது ஆபத்தா, புதிய வண்டியின் படியில் தொங்குவது ஆபத்தா? ஒப்பிட வேண்டியது இந்த இரண்டையும்தான். பழைய பெட்டியை ஆகாயத்திலிருக்கிற ஏதோ ஓர் உத்தமப் பெட்டியோடு ஒப்பிடுவதால் ஆவடியில் நிற்பவனுக்கு ஒரு ஆசனமும் கூடப் போவதில்லை.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. அதை எதிரிகள் சொல்வதில்லை, நானே சொல்கிறேன். மின்சார ஊர் வண்டியில் மூன்று பெட்டிக்கு ஒன்றில் மோட்டார் இருக்கிறது. சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும். கதவுகள் அகலம். பழைய தூரப் பெட்டியை எஞ்சின்தான் இழுக்க வேண்டும்; கதவோ கோடியில், குறுகலாக. அதை அன்னனூர், திருமுல்லைவாயில், பட்டரவாக்கம், கொரட்டூர் என்று ஒன்றரை மைலுக்கு ஒருதரம் நிறுத்தினால் பின்னால் வருகிற வண்டிகளெல்லாம் தாலியறுந்து நிற்கும். ஆகவே அதற்கு ஏற்ற வேலையைத்தான் கொடுக்க வேண்டும். அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல் 69 கிலோமீட்டர். காலையில் அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, பெரம்பூர், சென்ட்ரல் என்று ஐந்தே இடத்தில் நிற்கிற வண்டி. மாலையில் அதே மாதிரி திரும்பட்டும். ஒரு பொதுப் பெட்டியில் 90 பேர் உட்காரலாம். பதினாறு பெட்டி என்றால் 1440 பேர். நிற்பவர்களைச் சேர்க்காமல், உட்காருகிறவர்கள் மட்டும்! தூரத்துக்காரர்கள் இதில் ஏறிவிட்டால், சாதாரண வண்டி ஆவடிக்கு வரும்போது சென்னீர்குப்பத்துக்காரனுக்குக் காலூன்ற இடம் இருக்கும். பாதையில் இடமில்லை என்பார்கள். தீபாவளி ஸ்பெஷலுக்குக் கிடைக்கிற இடம் இதற்கும் கிடைக்கும்.

கடைசியாக, எனக்கு மிகவும் ஆத்திரம் வருகிற விஷயம்: நிறுத்தி வைப்பது. நம் ஊரில் நிறுத்தி வைப்பது என்றால் கைகழுவுவது என்று அர்த்தம். யார்டின் ஓரத்தில், வேலிக்காத்தான் புதரை ஒட்டி ஒரு தண்டவாளம் இருக்கும். அதில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள். முதல் மாதம் பாட்டரி போகும். அடுத்து விளக்கு, விசிறி, செம்புக் கம்பி எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக நடந்து போகும். ஐப்பசி மழை கூரை இடுக்கில் இறங்கும். கடற்காற்று கழிப்பறைக்கு அடியிலுள்ள இரும்பை அரிக்கும். அந்த இடம்தான் பழைய பெட்டிகளுக்கு முதலில் உளுத்துப்போகிற இடம். நகராமல் நின்ற சக்கரத்தின் பேரிங் ஒரே இடத்தில் பாரம் தாங்கிப் பள்ளம் விழும். பிரேக்கின் ரப்பர்க் குழாய் வெடிக்கும். இரண்டு வருஷம் கழித்து ஒரு கமிட்டி வந்து பார்த்து, "நாங்கள்தான் சொன்னோமே, பழைய பெட்டி உதவாது" என்று எழுதிவிட்டுப் போகும். பெட்டியைக் கொன்றது வயதா, கூரை இல்லாமையா?

பெட்டியை வைத்திருப்பது மாடு வைத்திருப்பது மாதிரி. கொட்டகை வேண்டும்; மாதம் ஒருமுறையாவது இழுத்துவிட்டு உருட்ட வேண்டும்; பாட்டரிக்கு மின்சாரம் ஊட்ட வேண்டும்; எலிக்கு வழியடைக்க வேண்டும்; ராத்திரி காவல் வேண்டும்; முறை வந்தால் பெரம்பூர் ஒர்க்ஷாப்புக்கு அனுப்பிப் பிரித்துப் பார்க்க வேண்டும். இத்தனையும் செய்யத் தெரிந்த கைகள் ஆவடியிலும் பெரம்பூரிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன.

யோசிக்காமல் வாங்குகிறவர்களையும் நான் ஆதரிக்கவில்லை. தென் அமெரிக்காவில் லிமா நகரம், கலிபோர்னியாவின் கால்டிரெயின் கம்பெனி கழித்த 90 பெட்டிகளையும் 19 எஞ்சின்களையும் வாங்கியது. 2025-ல் அவை கப்பலில் வந்து இறங்கின. வண்டி வந்த பிறகுதான் சிக்னல் எங்கே, பிளாட்பாரம் எங்கே, யார் ஓட்டுவது என்று ரகளை எழுந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கட்டிலை வாங்கிப் போட்ட கதை. முதலில் கொட்டகை, அப்புறம் கால அட்டவணை, அதற்கப்புறம் பெட்டி என்று வரிசை இருக்க வேண்டும்.

மியூசியம் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1931 முதல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் ஓடிய மீட்டர் பாதை மின்சார வண்டி 2004 ஜூலை முதல் தேதியோடு ஓய்ந்தது. அதை நினைத்து உருகிக் கட்டுரை எழுதாதவர்கள் நம்மில் இல்லை. உருகட்டும், பெயிண்ட் அடித்துப் பூந்தோட்டத்தில் நிறுத்தட்டும். ஆனால் பழசின்மேல் இத்தனை பாசம் உள்ளவர்கள், இன்னும் ஓடக்கூடிய பழசு ஒன்று கத்திக்குப் போகும்போது ஏன் வாய் திறப்பதில்லை?

நான் கேட்பது பெரிதல்ல. ஆவடிக்கும் அன்னனூருக்கும் இடையில் கூரை போட்ட நான்கு தண்டவாளம். பதினைந்து வயதுக்கு உட்பட்டதாகப் பொறுக்கியெடுத்த பெட்டிகளில் நான்கு முழு வண்டி. மூன்று ஓட, ஒன்று மாற்றுக்கு நிற்க. ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்கட்டும். படியில் தொங்குகிறவர்களை ஆவடி மேம்பாலத்தின்மேல் நின்று ஒரு ஆள் எண்ணட்டும். எண்ணிக்கை குறையவில்லையென்றால், அந்த அறுபத்துநான்கு பெட்டிகளையும் வாலாஜாபாத்துக்கே அனுப்பிக் கார் ஏற்றிக்கொள்ளலாம்.