‘ஐ வில்’ தப்பே இல்லை

“ஐ, வி வந்தால் ஷல், மற்ற எல்லாவற்றுக்கும் வில். உறுதி, மிரட்டல், கட்டளை என்றால் அப்படியே மாற்றிப் போடு.” ஆங்கில வகுப்புகளில் வாய்ப்பாடு போல ஒப்பிக்கப்படும் விதி இது. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலைக் கையில் வைத்துக்கொண்டு இதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியர்கள் இன்றும் உண்டு.

ஆங்கிலத்தின் ஆதி இலக்கணமே இதுதான் என்பார்கள். இல்லை. விதியை ஊரறியச் செய்தவர் ஜான் வாலிஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு கணிதப் பேராசிரியர். 1653-இல், அதுவும் லத்தீனில் எழுதிய நூலில். முடிவிலிக்கு நாம் போடுகிற படுத்த எட்டும் அவர் தந்ததுதான். அந்த எட்டில் குறையொன்றும் இல்லை.

மாற்றிப் போட்டால் பொருள் கெடும் என்பது அடுத்த வாதம். அதற்குச் சாட்சியாக ஒரு பழங்கதையும் உண்டு. தண்ணீரில் மூழ்கிய ஐரிஷ்காரர் ஒருவர், ‘ஐ வில் ட்ரவுன், நோ ஒன் ஷல் சேவ் மி’ என்று அலறினாராம். சாவதென்று முடிவெடுத்துவிட்டார் போலும் என்று கரையில் நின்றவர்கள் சும்மா இருந்துவிட்டார்களாம். அயர்லாந்துக்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் ‘ஐ வில்’ என்றே பேசிவந்ததைக் கேலி செய்யக் கட்டிய கதை இது. உயிருக்குத் தத்தளிப்பவன் குரலில் இலக்கணம் பார்ப்பவன் எந்த ஊரில் இருக்கிறான்? 1942-இல் பிலிப்பைன்ஸை விட்டு வெளியேறிய அமெரிக்கத் தளபதி மெக்கார்தர், ‘ஐ ஷல் ரிட்டர்ன்’ என்றார். விதிப்படி அது வெறும் தகவல். சபதமென்றால் வில் வந்திருக்க வேண்டும். உலகமோ அதைச் சபதமாகத்தான் கேட்டது.

படித்தவர்கள் விதிப்படிதான் பேசுகிறார்களா? மொழியியலாளர் சார்லஸ் ஃப்ரீஸ், இங்கிலாந்து, அமெரிக்க நாடகங்களின் உரையாடல்களை அலசி 1925-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். விதி ஒரு பக்கம், வழக்கு ஒரு பக்கம். ரென் அண்ட் மார்ட்டினின் திருத்திய பதிப்பே ஐ, வி உட்பட எல்லாவற்றோடும் வில் வருவதை ஒப்புக்கொள்கிறது. அந்த வரியை யாரும் கரும்பலகையில் எழுதிப்போடுவதில்லை.

சட்டத்தில் ஷல் என்றால் கட்டாயம்தானே என்று சிலர் மடக்குவார்கள். பெரும்பாலும் அப்படித்தான், எப்போதும் அல்ல. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்கச் சொல்லும் அரசியல் சாசனப் பிரிவு 320(3)-இல் ஷல்தான் இருக்கிறது. கலக்காமல் விட்டதாலேயே நடவடிக்கை செல்லாமல் போய்விடாது என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் இரண்டும் ஒன்றேதானா என்றால், அதுவும் இல்லை. கேள்வியில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ‘ஷல் வி கோ?’ என்றால் ‘கிளம்பலாமா?’ ‘வில் வி கோ?’ என்றால் ‘நாம் போவது நடக்குமா?’ ‘ஷல் ஐ ஓப்பன் த விண்டோ?’ என்பதற்குத் ‘திறக்கட்டுமா?’ என்று அர்த்தம்; அங்கே வில் போட்டால் நான் திறப்பேனா என்று ஜோசியம் கேட்பது போலாகிவிடும்.

ஆசிரியர்களே, ‘ஐ வில் கோ’ என்று எழுதும் பிள்ளையின் தாளில் சிவப்பு மை வேண்டாம். ‘வில் ஐ ஓப்பன் த விண்டோ?’ என்று அனுமதி கேட்கும் பிள்ளையைத் திருத்துங்கள்.