காவேரிப்பட்டணத்தில் ஓடும் காவிரி

கங்கை 2525, கோதாவரி 1465, கிருஷ்ணா 1400, யமுனை 1376, நர்மதை 1312. பள்ளியில் ஒருமுறை மனப்பாடம் செய்த இந்தப் பட்டியலைப் போட்டித் தேர்வுக்காக மறுமுறை மனப்பாடம் செய்யாத தமிழ் இளைஞர்கள் குறைவு. தோன்றும் இடம், பாயும் மாநிலங்கள், நீளம், கடல் சேரும் இடம் என்று நான்கு கட்டங்களுக்குள் ஒரு நதியை அடக்கிவிடுகிறோம். இதற்குப் பொது அறிவு என்று பெயர். இந்தப் பொது அறிவு இன்று எவ்வளவு பொய்யாகிவிட்டது, அந்தப் பொய்யால் யாருக்கு வசதி, யாருக்குக் கேடு என்பதை ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தை முன்வைத்துப் பேச விரும்புகிறோம்.

முதலில் நீளம். பிரம்மபுத்திராவின் மொத்த நீளம் சுமார் 2900 கி.மீ.; அதில் இந்தியாவுக்குள் இருப்பது 916 கி.மீ. மட்டுமே. ஆகவே அது இந்தியாவின் மிக நீண்ட நதியா, பட்டியலில் பின்தங்கிய நதியா என்பதைத் தண்ணீர் தீர்மானிக்கவில்லை, எல்லைக்கோடு தீர்மானிக்கிறது. காவிரியின் 800 கி.மீ.யையும் பாடநூல்கள் பங்கு பிரித்தே சொல்கின்றன: கர்நாடகத்தில் 320, இரு மாநில எல்லையாக 64, தமிழகத்தில் 416. பாகப்பிரிவினைப் பத்திரத்தின் மொழி இது. தென்பெண்ணைக்கு வந்தால் அந்த உறுதியும் இல்லை. 400 என்பார்கள், 430 என்பார்கள், 497 என்றும் அச்சிட்டிருப்பார்கள். எதை எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும். ஆற்றில் என்ன ஓடுகிறது என்ற கேள்விக்கு அந்தத் தாளில் இடமில்லை.

இனி, ஆறு செல்லும் வழி. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதி தென்னிந்தியாவின் விசித்திரமான நீர்த்தாய். பினாகினி என்ற ஒரே பெயருடன் அங்கிருந்து இரண்டு ஆறுகள் கிளம்புகின்றன. உத்தர பினாகினி வடக்கே சென்று, பின் கிழக்கே திரும்பி, நெல்லூர் மாவட்டத்தில் கடலை அடைகிறது. தட்சிண பினாகினி ஒசக்கோட்டை வழியே தெற்கே இறங்கி, ஓசூருக்கு வடக்கே கொடியாளம் அருகில் தமிழகத்துக்குள் நுழைந்து, தென்பெண்ணை என்று பெயர் மாறுகிறது. கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், சாத்தனூர், திருக்கோவலூர் வழியாகக் கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. பாலாறும் காவிரியின் துணையாறான அர்க்காவதியும் அதே மலைப் பகுதியில்தான் தோன்றுகின்றன. நில வரைபடம் சொல்வது இவ்வளவே. இவ்வளவும் உண்மை. ஆனால் கோடைக்காலத்தில் கொடியாளத்தில் நின்று பார்ப்பவருக்கு இந்த உண்மையால் எந்தப் பயனும் இல்லை. அவர் காலடியில் ஓடும் நீரில் பெரும்பங்கு நந்தி மலையிலிருந்து வந்ததே அல்ல. அது காவிரி.

இதை உருவகமாகச் சொல்லவில்லை. பெங்களூர் நகரம் ஒரு மேட்டு முதுகின்மேல் அமர்ந்திருக்கிறது. அம்மேட்டின் மேற்குச் சரிவில் விழும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியே காவிரிக்குப் போகிறது. கிழக்குச் சரிவின் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினியில் இறங்குகிறது. தன் காலடியில் பேராறு எதுவும் இல்லாத இந்நகரம் சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து காவிரி நீரை ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு இறைத்துக் குடிக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டம் மட்டுமே நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். வீட்டு உபயோகத்துக்குத் தரும் நீரில் 20 சதவீதமே உண்மையில் செலவாகிறது என்பது காவிரி நடுவர் மன்றம் ஏற்றுக்கொண்ட கணக்கு. மீதி 80 சதவீதம் எங்கே போகிறது? குளியலறைகளிலிருந்தும் சமையலறைகளிலிருந்தும் கழிப்பறைகளிலிருந்தும் வெளியேறி, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகிறது. கிழக்குப் பக்கம் போனது தென்பெண்ணை ஆகிறது. குடகிலிருந்து பூம்புகார் வரை ஓடும் நதி என்று நாம் மனப்பாடம் செய்த காவிரிக்குக் கடலூரில் இன்னொரு முகத்துவாரம் திறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. எந்தப் பாடநூலும் அதைக் குறிக்கவில்லை.

நீதிமன்றங்களுக்கு இது தெரியாத செய்தியல்ல. பெங்களூரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகைக்குள் வருகிறது என்ற அடிப்படையில்தான் நடுவர் மன்றம் 2007இல் அந்நகரின் குடிநீர்த் தேவையைக் கணக்கிட்டது. அந்த வரையறையை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று ஒதுக்கி, முழு நகருக்குமாக 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது. தமிழகத்தின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைந்ததை நாளேடுகள் கொட்டை எழுத்தில் போட்டன. குறைந்த நீரில் ஒரு பகுதி சாக்கடையாகி வேறோர் ஆற்றின் வழியே தமிழகத்துக்கே வந்துசேரும் என்பதை யாரும் எழுதியதாக நினைவில்லை. கணக்கு டி.எம்.சி.யில் இருந்தது. டி.எம்.சி.க்கு நிறமும் நாற்றமும் கிடையாது.

கெலவரப்பள்ளியில் அந்தக் கணக்குக்கு நிறமும் நாற்றமும் வந்துவிடுகின்றன. 44.28 அடி உயர அணை. ஏறத்தாழ 8,000 ஏக்கர் பாசனம். மழை பெய்து மதகுகள் திறக்கப்படும்போதெல்லாம் ஆற்றின்மேல் வெண்ணுரை மலைபோல் எழுவதைத் தொலைக்காட்சிகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. சலவைத்தூளும் சோப்பும் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. மதகிலிருந்து விழும் வேகத்தில் காற்று உள்ளே புகுந்து நுரைக்கிறது. இதே நீர்வழியில் மேலே இருக்கும் பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பற்றி எரிந்தது. தண்ணீர் எரிந்த அந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் வயல்களின் செய்தி தருமபுரிப் பதிப்பைத் தாண்டவில்லை. அந்த வயல்களில் தக்காளியும் கோஸும் கொத்தமல்லியும் விளைகின்றன. மூட்டை கட்டி அவை பெங்களூர்ச் சந்தைக்கே திரும்பிப் போகின்றன. காவிரியின் பாதை அங்கே ஒரு வட்டமாகவே முடிந்துவிடுகிறது.

இவ்வளவு சொன்னதும் தமிழ் வாசகர் உடனே ஒரு முடிவுக்கு வருவார்: கர்நாடகம்தான் குற்றவாளி. குற்றத்தில் பெரும்பங்கு எல்லைக்கு அப்பால் இருப்பதை மறுக்கவில்லை. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெல்லந்தூர் விவகாரத்தில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது சும்மா அல்ல. ஆனால் எல்லைக்கோடு என்பது நல்லதொரு திரைச்சீலை. பாலாற்றை வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் கழிவால் கொன்றது யார்? உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு எந்த மாநிலத்துத் தொழிற்சாலைகளைப் பற்றியது? 1970களில் சிப்காட் வந்தபின் வீங்கத் தொடங்கி 2019இல் மாநகராட்சியான ஓசூர், தன் சாக்கடையை எந்த ஆற்றின் சரிவில் வடிக்கிறது? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 முதல் காவிரி நீரைக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கொண்டுவருகிறது. அதைக் குடித்துக் கழித்த நீரும் தென்பெண்ணைப் பக்கமே சரிகிறது. பெங்களூர் செய்வதைச் சிறிய அளவில் இப்பக்கமும் செய்கிறோம். அதற்கு மட்டும் வளர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

தென்பெண்ணைக்கான சட்டப் போரும் இதே குருட்டுத்தனத்தில் நடக்கிறது. மார்க்கண்டேய நதியில் யார்கோளில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழகம் 2018இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 2019 நவம்பரில் இடைக்கால மனு தள்ளுபடியானது. நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசை நாடும்படி சொல்லப்பட்டது. 1892ஆம் ஆண்டு மைசூர், சென்னை ஒப்பந்தம் வரை வாதங்கள் போயின. தேவையான வாதங்கள்தாம். ஆனால் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதே 2018 முதல் கர்நாடகம் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் வழியே கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு ஏற்றத் தொடங்கியது. கோலார் பாலாறு பாயும் மாவட்டம். ஆக, காவிரி பெங்களூரில் தென்பெண்ணையாகி, அங்கிருந்து பாலாற்றின் பக்கமும் திரும்பத் தொடங்கிவிட்டது. எங்களுக்கு எத்தனை டி.எம்.சி. என்று மட்டும் கேட்பவர், இந்த ஆறுகள் தனித்தனியாக இருப்பதாகவே நம்பிக் கேட்கிறார்.

இது பொறியாளர்களின் விஷயம், இலக்கியப் பக்கங்களில் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நதிகளைப் பற்றிய தமிழ் மனத்தின் சித்திரத்தை உருவாக்கியது பொறியாளர்களா? சங்கப் பாடல்களும் தேவாரமும் தஞ்சை எழுத்தாளர்களின் உரைநடையும் அல்லவா? பெண்ணையாறு என்றதும் இலக்கிய வாசகருக்குத் திருக்கோவலூரும் மலையமான் திருமுடிக்காரியும் கபிலர் குன்றும் நினைவுக்கு வருகின்றன. அதற்கு மேற்கே அந்த ஆறு தமிழ் இலக்கியத்தில் அநேகமாக இல்லை. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும், பெயரே கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள்படும் ஓசூர், நம் இலக்கிய நிலப்படத்தின் ஐந்திணைகளில் எதிலும் சேராமல் தொழிற்பேட்டையாகவே விடப்பட்டிருக்கிறது. குழாயில் ஏறும் நதியை, மதகில் நுரைக்கும் நதியைத் தாயென்று பாட முடியாது என்பதால் அதைப் பற்றி எழுதாமலே இருந்துவிடுகிறோம். நதியைத் தாயாக்கி வணங்கும் சமூகத்துக்கு அதன் உடல்நிலையை விசாரிக்கும் பொறுப்பு தானாகவே கழன்றுவிடுகிறது. தாய் அழியமாட்டாள் அல்லவா!

நீளப் பட்டியல் செய்யும் கேடும் இதேதான். பிள்ளைகளுக்கு ஒரு அடிப்படைத் தகவல், அவ்வளவுதானே என்று சொல்லிவிட முடியாது. நதி எங்கோ தொடங்கி எங்கோ முடியும் ஒரு நீலக்கோடு என்று பத்து வயதில் பதிந்த பிள்ளை, நாற்பது வயதில் நகராட்சி உறுப்பினராகும்போது தன் ஊர்ச் சாக்கடையை அந்தக் கோட்டின் பகுதியாகக் காண்பதில்லை. வெறும் 128 கி.மீ. ஓடும் தாமிரபரணி அந்தப் பட்டியலில் கடைசியில் கிடக்கிறது. ஆனால் தமிழகத்தில் தோன்றித் தமிழகத்திலேயே கடல் சேரும் ஆறுகளில் வற்றாத நதி என்று சொல்லத்தக்கது அதுதான். நீளம் எதையும் சொல்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எனவே எங்கள் கோரிக்கை சிறியது. ஆறுகளை நீளத்தால் சொல்லித்தருவதை நிறுத்துங்கள். மேலே இருப்பவர் யார், கீழே இருப்பவர் யார், எடுத்தது எவ்வளவு, திருப்பி விட்டது எந்த நிலையில் என்று சொல்லித்தாருங்கள். ஓசூரின் பள்ளிப் பிள்ளைக்குக் கங்கையின் நீளத்துக்கு முன்பாகப் பெல்லந்தூரிலிருந்து கெலவரப்பள்ளி வரையிலான வழி தெரிந்திருக்க வேண்டும். பெங்களூரின் பிள்ளைக்குத் தன் வீட்டுக் குழாயில் வரும் காவிரி வீட்டைவிட்டு வெளியேறி எந்த ஊருக்குப் போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கன்னடத்தில் எழுதும் நண்பர்களிடமும் இதையே கேட்கிறோம். தங்கள் ஊர்க் கழிவின் முகவரியை எழுதுவது அவர்களுடைய கடமை; வந்ததோடு நாம் கலந்ததையும் சேர்த்து எழுதுவது நம் கடமை.

கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே, தென்பெண்ணைக் கரையில், காவேரிப்பட்டணம் என்று ஓர் ஊர் இருக்கிறது. காவிரி ஓடாத ஊருக்கு இந்தப் பெயர் எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. இனி அப்படிக் கேட்க வேண்டியதில்லை. நிலப்படம்தான் பிழை, பெயர் சரியாகிவிட்டது.